வீரன் ஓடிவந்த பக்கம்

காப்பிச் செடிகளுக்கு நடுவே காதை மடக்கிக்கொண்டு ஒரு நாய் ஓடிவருகிறது. மேஸ்திரியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அதுதான். மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவரிடம்தான் நான் பழம் பறித்தேன். அவர் சம்சாரத்தை அக்கா என்று கூப்பிடுவேன். பறிக்கும்போது எனக்குப் பக்கத்து வரிசை. நாய்க்கு வீரன் என்று பேர் வைத்தவர் மேஸ்திரி. சருகு அசைந்தாலும் அது அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். “பேருதானுங்க வீரன். தைரியம் உங்களாட்டமேதான்” என்று அக்கா சொல்ல, வரிசை முழுக்கச் சிரிக்கும். மேஸ்திரியும் சிரிப்பார்.

ஒரு நாள் கீழ்ச் சரிவில் காட்டெருமை நின்றது. வீரன் குரைத்துக்கொண்டு போனது. காட்டெருமை திருப்பித் துரத்தியது. நாய் எந்தப் புதருக்குள்ளாவது ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நேராக அக்காவிடம் வந்தது. பின்னாலேயே காட்டெருமையும் வந்தது. ஒரே முட்டு. சேலம் கொண்டுபோகும் வழியிலேயே அக்காவின் உயிர் போய்விட்டது.

நாயை அடித்துக் கொல்லச் சொன்னார்கள். மேஸ்திரி மண்வெட்டியோடு போய், சும்மா திரும்பி வந்தார். “பயந்தா அது எங்க போவும்? அவகிட்டத்தான போவும்” என்றார்.

ஓநாய்தான் நாயானது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது தெரியாது. பயம் வந்தால் மற்றதெல்லாம் காட்டுக்குள் ஓடும், இது மட்டும் மனுசனிடம் ஓடிவரும். வந்தால் காப்பாற்றுவான் என்று எந்தக் காலத்திலோ எவனோ அதை நம்ப வைத்திருக்கிறான். இப்போதும் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் ஹாரன் அடித்தால், தெரு நாய் முன்பின் தெரியாத ஆள் காலடிக்குத்தான் வருகிறது.

மேஸ்திரி சோறு போட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். இடி இடித்தால் வீரன் அவரிடம் ஓடிவரும். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒதுங்கிக்கொள்வார், அவ்வளவுதான். அவர் நின்ற இடத்தில் நின்று நாய் அவர் முகத்தைப் பார்க்கும். போகப் போக, இடி இடித்தாலும் இருந்த இடத்திலேயே நடுங்கிக் கிடந்தது.

மறுவருசம் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே காட்டெருமை வந்துவிட்டது. கிடைத்த வீட்டுக்குள் எல்லாரும் ஓடினோம். நான் மேஸ்திரி வீட்டுக்குள். நாய் வெளியே நின்றது. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

“வீரா! வாடா சாமி, உள்ள வாடா!”

அக்கா போனபிறகு அன்றைக்குத்தான் கூப்பிட்டார். நாய் அவரைப் பார்த்தது. பிறகு திரும்பிக் காட்டுப் பக்கம் ஓடியது. காட்டெருமை பின்னாலேயே போனது.

“கத்துக்கிச்சு கண்ணு” என்றார்.

இருட்டும்வரை கதவைச் சாத்தவில்லை. நாய் வரவில்லை.