கல்வெட்டுக்கு வேண்டிய லைப்ரரிகள்

அப்பா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எங்கள் பினாங்கு வீட்டின் முன்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கல்வெட்டுப் பேச்சு எழுந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சம் சொல்லும் பாட்டு, சில தேவாரங்கள், இவற்றைச் சேர்த்து அச்சடிக்கும் சின்னப் புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களின் கையில் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். கொடுக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காருக்குள் ஏறிய பிறகு சொல்வார்கள்.

"எந்த பிரஸ்ஸில குடுக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னது அம்மாவின் தம்பி, என் மாமா.

"பிரஸ் ஏன்? மருமகள் யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் பாக்கிறவள். அவளே அடிச்சுப் போடுவாள் லா."

செத்த வீட்டிலும் பெருமை பேசாமல் இருக்க மாமாவால் முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், வாயைத் திறப்பதைவிட அது எளிதாக இருந்தது. கொள்ளி வைத்த என் தம்பிக்குச் செய்யச் சடங்குகள் இருந்தன. மகளுக்கு அழுவது ஒன்றுதான் வேலை. அது எனக்கு வரவில்லை. அழ வேண்டும் என்று நினைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சின்னம்மா ஒருத்தி என் காதுபடவே "இவளுக்கு நெஞ்சு கல்லு" என்றாள். அதற்கும் தலையாட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கெலுகோரில் பல்கலைக்கழகக் கணினிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. விண்டோஸில் தமிழ் எழுத்துகள் அப்போதே கடையில் கிடைத்தன. வாங்கிப் போட்டால் இரண்டு மாலைகளில் புத்தகம் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் லேசர் பிரிண்டர் விண்டோஸ் இல்லாத, லினக்ஸ் போட்ட மெஷினோடுதான் இணைந்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. சீக்கிரம் முடிந்துவிடக்கூடிய வேலை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் எழுத்தாக மாற்றிப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. யாரோ ஒரு தமிழர், எந்த நாட்டிலிருந்தோ, சம்பளம் இல்லாமல் எழுதி வைத்தது. அதை இறக்கி ஓட விட்டேன். ஒரு லைப்ரரி, அதாவது அது சாய்ந்து ஓட வேண்டிய நிரல் தொகுப்பு, இல்லை என்றது.

இப்படிப்பட்ட மென்பொருள் தனியாக நிற்காது. திரையில் படம் காட்ட ஒருவர் எழுதிய லைப்ரரி, எழுத்தை வரைய இன்னொருவர் எழுதியது என்று பலருடைய வேலையின் மேல் ஏறி நிற்கும். அதில் ஒன்று குறைந்தாலும் ஓடாது. குறைவது எது என்று பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்தப் பெயரைத் தேடி, எங்கோ ஒரு சர்வரில் கண்டுபிடித்து, ஆமை வேகத்தில் இறக்கிக் கொண்டுவந்து வைத்தால், வந்தது தனக்கு வேறொன்று வேண்டும் என்று கேட்கும். அதைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து இறக்கிய கோப்பு பாதியில் அறுந்து வந்திருந்தது. வேறொரு நாள், இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்டன. நீ முதலில் வா, நான் பிறகு வருகிறேன் என்று கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல.

பக்கத்து மேசையில் இருந்தவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். என்னைவிட மூத்தவர், அண்ணே என்பேன். தினமும் என் திரையை எட்டிப் பார்ப்பார்.

"இன்னும் கேக்குதா தங்கச்சி?"

"கேக்குதண்ணே."

"விட்டுடு லா. பினாங் ஸ்ட்ரீட்ல பிரஸ் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

"இன்னும் ஒண்ணுதான் அண்ணே."

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இல்லாதது எது என்று அந்த மெஷின் சரியாகப் பெயர் சொன்னது. பெயர் தெரிந்தால் தேடலாம். வீட்டில் ஆட்கள் வந்து, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டபோது எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.

வீட்டிலும் ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தது. போர்ச்சில் அப்பாவின் கெரெத்தா நின்றது, அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பேட்டரி தன்பாட்டில் செத்துப்போனது. மோட்டாருக்கு எந்த ஸ்விட்ச் என்று தெரியாமல் மேல் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அப்பாவின் பழைய அலுவலக நண்பர் பாலிக் புலாவ் தோட்டத்திலிருந்து ஒரு கூடை டுரியான் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உடைத்துத் தர ஆள் இல்லை. மணம் வீடெல்லாம் ஏறிய பிறகு அம்மா பக்கத்து வீட்டுச் சீனத்தியைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மற்றபடி அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மாலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"புத்தகம் வந்திட்டுதோ?"

"வரும் அம்மா."

"யாழ்ப்பாணத்தில இருந்து ஒருத்தரும் வர இல்லை. அவையள் இந்த முகத்தை ஒருக்காப் பாக்கவும் இல்லை. புத்தகமெண்டாலும் போய்ச் சேரோணும், பிள்ளை. அந்தியேட்டிக்கு வாற ஆள் ஒராள் கொழும்புக்குப் போகுது, குடுத்துவிடலாம்."

அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அங்கேதான். கொழும்புக்குப் போனால் அங்கிருந்து யார் கையிலாவது போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அம்மாவுக்கு. நான் வரும் என்று மறுபடி சொல்லிவிட்டுக் குளிக்கப் போவேன். அம்மா கவலைப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர உறைக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேடல் அடிமட்டத்துக்கு வந்து நின்றது. கடைசியாக வந்த லைப்ரரி, மெஷினின் அடிப்படை லைப்ரரியே பழையது, புதியது வேண்டும் என்றது. மெஷினில் உள்ள அத்தனை கட்டளைகளும் சாய்ந்து நிற்பது அதன் மேல்தான். நான் புதியதை இறக்கினேன். பழையதை அங்கிருந்து நீக்கினேன். புதியதை அந்த இடத்தில் வைக்கக் கட்டளை கொடுத்தேன்.

லைப்ரரி இல்லை என்று வந்தது. வைக்கச் சொல்லும் கட்டளைக்கும் அதே லைப்ரரி வேண்டும். நகல் எடுக்கும் கட்டளைக்கும் வேண்டும். என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்க்கும் கட்டளைக்கும் வேண்டும். எதைத் தட்டினாலும் ஒரே பதில்.

ஆனால் திரை அணையவில்லை. நான் தட்டும் எழுத்துகளை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது ஓடிக்கொண்டே இருந்தது, புதிதாக எதையும் தொடங்கத்தான் அதனால் முடியவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் என் நிலைமையை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"ரோசாக்கா?" என்றார் அண்ணே. கெட்டுப்போச்சா என்று மலாயில்.

"ரோசாக் அண்ணே. நானே எடுத்துட்டேன்."

அவர் உச்சுக்கொட்டிவிட்டு, முதலில் லினக்ஸ் போடும்போது பயன்படுத்திய ஃப்ளாப்பியைத் தேடி எடுத்தார். அதிலிருந்து மெஷினைக் கிளப்பினோம். புதியதை அதன் இடத்தில் வைத்தோம். மறுபடி அணைத்துப் போட்டபோது எல்லாக் கட்டளைகளும் உயிரோடு வந்தன. அன்று வெள்ளிக்கிழமை. அண்ணே தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

தமிழ் மென்பொருளை ஓட விட்டேன். இல்லை என்ற பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதுவும் கேட்காமல் வெறும் பக்கத்தைத் திறந்துவிட்டு நின்றது. இத்தனை நாள் எழுதாமல் ஓடிக்கொண்டிருக்க எனக்கு இருந்த காரணம் தீர்ந்துபோயிற்று. இனி எழுத வேண்டியதுதான்.

எல்லாக் கல்வெட்டும் ஒரே சொல்லில்தான் தொடங்கும். அதை ஆங்கில எழுத்தில் தட்டி, மாற்றச் சொன்னேன். திரையில் வந்தது: அமரர்.

வளைவு குலையாமல், புள்ளி விலகாமல், அச்சுக்குப் போகத் தயாரான எழுத்து. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாளாக இந்த ஒரு சொல்லை அடிக்கவா ஊர் ஊராகக் கோப்பு தேடினேன்? அதுவரை நான் அப்பாவின் விஷயம் என்றேன், வீட்டில் ஒரு காரியம் என்றேன். செத்துப்போனார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரை அடிக்க வேண்டும். அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக்கில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் சொல்வேன். அப்பாவைக் கூப்பிட அவருக்கு "இஞ்சருங்கோ" போதுமாக இருந்தது. பெயரை அடித்து மாற்றினேன். அமரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மேசையில் இருந்த ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"அம்மா, வேலை செய்யுது."

"புத்தகமோ?"

"முதல் வரி மட்டும் வந்திருக்கு."

"வாசி, பிள்ளை."

"அமரர்" என்றேன். அடுத்து அப்பாவின் பெயரை வாசிக்க வாயெடுத்தேன். மூக்கு ஒழுகி, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். ரிசீவரைக் கையால் பொத்தவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தில் அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுப் பெயரையும், நிதானமாக.

"சரிதானே?" என்று கேட்டார்.

"சரி அம்மா."

"அடுத்த வரி?"

"இன்னும் அடிக்க இல்லை."

"ஃபோனை வைக்காதை. நான் சொல்லுறன், நீ அடி."