இடது கை ராஜா

இன்று ஹட்டன் பஸ்ஸில் வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். தலைசிறந்த பத்துப் படங்களின் பட்டியல். எனக்கு உயிரான படம் அதில் இல்லை.

"ராஜா கத்திச்சண்டை போடுற படத்த விட்டுட்டாங்களே," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் சந்தைப் பையோடு இருந்த அக்கா திரும்பினார்.

"எடது கையால கத்தி சுத்துவாரே, அதா தம்பி?"

உண்மையில் ராஜா வலது கைக்காரர். ஆனால் அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் படம் போட்டால் துணித் திரைக்கு முன்னால் உத்தியோகத்தர்களின் நாற்காலிகள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் நாங்கள் திரைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும்.

"நீங்களும் பின்னாலயாக்கா?"

"பின்ன, நமக்கு நாற்காலியா போட்டாங்க?"

கொட்டகலை வரை அந்தப் படத்தையே பேசினோம். அக்காவுக்கு நன்றி, மனசு நிறைந்துவிட்டது.

பட்டியல் போட்டவர் நாற்காலியில் இருந்து பார்த்திருப்பார். அவருக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

உங்கள் தோட்டத்தில் ராஜா எந்தக் கை?