கோட்டுப் பையில் ஒரு சிவப்பு நோட்டு

ஏரிக்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அட்ராக்டா கில்மார்ட்டின் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு வரியை வாசிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள், பென்சிலால் அடிக்கிறாள், மறுபடி வாசிக்கிறாள். நாயோடு நடக்க வந்தவர்கள் கையை உயர்த்திவிட்டுப் போகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் மட்டும் ஒருமுறை கண்ணாடியைத் தட்டி, "ஏம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மூணாவது பத்திதான் மூச்சு முட்டிக் கிடக்கு" என்றாளாம்.

கதையைக் காதால் கேட்டுத்தான் திருத்துவாள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வெட்டுவாள். வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் சுவர்கள் சும்மா புகழ்கின்றன என்பது அவள் புகார்.

வயது ஐம்பத்தெட்டு. நான்கு சிறுகதைத் தொகுப்புகள், டப்ளினில் ஒரு பரிசு. எங்கள் டிரம்கோராவில் அதெல்லாம் எடுபடாது. இங்கே அவள் மாட்டுச் சந்தை உணவகத்தில் என்னோடு நின்று பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் பரிமாறுகிறவள். எழுத்து அவளுக்கு இருக்கும் ஒரு சின்னக் கோளாறு, அவ்வளவுதான்.

"இன்னும் அந்தக் குட்டிக் கதைதானா? பெருசா ஒண்ணும் வர மாட்டேங்குதா?" என்று மாடு விற்க வந்தவர்கள் சீண்டுவார்கள்.

"நாவல்ங்கிறது கல்யாணம் மாதிரிய்யா. கடைசி வரைக்கும் கூடவே கிடக்கணும். எனக்கு ஒரு டீ ஆறுற நேரம் போதும்" என்பாள். கல்யாணம் அவள் செய்துகொள்ளவில்லை.

கோட்டின் வலது பையில் ஒரு சிவப்பு நோட்டு. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருக்கும்போதே காதில் எதுவோ விழும். கையைத் துடைத்துவிட்டு, கோட்டு மாட்டியிருக்கும் கதவுப் பக்கம் போவாள். "பார்த்துப் பேசுப்பா, கோட்டுப் பை கேட்டுக்கிட்டிருக்கு" என்று மேசைகளில் எச்சரிக்கை பறக்கும். பதினெட்டு வருடப் பழக்கத்தில் எனக்கே அதைத் தொட அனுமதி கிடையாது. ஒருமுறை தரையில் விழுந்ததை எடுக்கக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

அந்த நோட்டால் அவள் இழந்தது அண்ணனை. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு கதை வந்தது. தகப்பன் முற்றத்தில் விழுந்து கிடக்கிறார். மகன் ஆட்டுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டுத்தான் மருத்துவரைக் கூப்பிடுகிறான். அவர்கள் தகப்பனாரும் முற்றத்தில் விழுந்துதான் இறந்தார். அன்று வீட்டில் இருந்தவர் அண்ணன் டர்லா. முதலில் பால் கறந்து முடித்தாரா இல்லையா என்பது அவருக்கும் அந்த மாடுகளுக்கும்தான் தெரியும். அட்ராக்டா மாட்டை ஆடாக்கினாள், எங்கள் லீட்ரிம் மாவட்டத்தை மேயோவாக்கினாள், பெயர்களை மாற்றினாள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. கதையில் வரும் மகன், வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டியிருந்தான். அப்படிக் கட்டுகிறவர் எங்கள் பக்கத்தில் ஒரே ஆள்தான்.

"அச்சுக்குப் போகும் முன்னாடி அந்தக் கயித்தை எடுத்துட்டேன். எடுத்தா அந்த வாக்கியம் நொண்டுச்சு. திரும்பப் போட்டுட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். ஒரு வாக்கியம் நேராக நடப்பதற்காக அண்ணனைக் கொடுத்தவளை என்ன சொல்வது? அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

டர்லா எங்கள் சந்தைக்கு வருவதை நிறுத்தினார். வியாழக்கிழமைகளில் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனார். அட்ராக்டா வியாழக்கிழமைகளில், அவர் வீட்டிலிருந்த அம்மாவைப் பார்க்கப் போனாள்.

இந்தப் பிப்ரவரியில் அம்மா போய்விட்டார். எங்கள் வானொலியில் காலை ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஊரே கெட்டிலை அணைத்துவிட்டுக் கேட்கும். ஏரிக்கரையில், காரில், பென்சிலோடு இருந்தபோதுதான் தன் அம்மாவின் பெயரை அட்ராக்டா கேட்டாள். டர்லா தகவல் சொல்லி அனுப்பவில்லை. வானொலியில் மட்டும், "மகன் டர்லா, மகள் அட்ராக்டா" என்று வாசித்தார்கள். மதியத்துக்குள் டர்லா கேட்டதாக ஒரு பேச்சு எங்கள் உணவகம் வரை வந்தது: "அம்மா சாவையாவது எழுதாம விடுவாளாமா?"

அஞ்சலிக் கூடத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஊர் ஒவ்வொருவராகக் கைகொடுத்து, துக்கத்துக்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகும். அட்ராக்டா வெளியே மழையில், ஊர் நின்ற வரிசையிலேயே எனக்கு முன்னால் நின்றாள்.

"மக நீ. உள்ள போடி" என்றேன்.

"எனக்கு நாற்காலி போட்டிருக்காங்களான்னு தெரியலையே."

வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. இங்கேயுமா என்று எனக்குப் பதறியது.

உள்ளே மூன்று நாற்காலிகள். ஒன்றில் டர்லா, கடைசியில் அவர் மனைவி. நடுவில் இருந்ததில் அவருடைய தொப்பி. எங்களுக்கு முன்னால் போன கிழவர் ஒருவர் முழங்கால் வலியில் அதில் உட்காரப் போனார்.

"ஆள் வருது" என்றார் டர்லா, நிமிராமலே.

அட்ராக்டாவின் முறை வந்தது. கையை நீட்டி, ஊர் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் கோட்டுப் பையைப் பார்த்தார்.

"எழுதுவியா?"

"தெரியல, டர்லா."

பொய் சொல்லியிருக்கலாமே என்று என் மனசு அடித்துக்கொண்டது.  டர்லா நடு நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள்.  டர்லாவுக்குக் கைகொடுத்துவிட்டு அவளிடம் கையை நீட்டினேன். அவள் பையிலிருந்து சிவப்பு நோட்டை எடுத்து என் கையில் திணித்தாள். எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கையை நீட்டினாள்.