சம்மட்டிக்காரரின் இடது கண்

பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுகிற கூட்டத்தில் அவருக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை மனைவியே மறந்துபோயிருந்தாள். சுவரோடு பழகுகிற மாதிரியேதான் மனிதர்களோடும் பழகுவார்: முதலில் அடி, பிறகுதான் பேச்சு. இடிபாட்டுக்கு நடுவே கண்மூடித்தனமாக லாரியைப் பின்னுக்கு எடுத்த டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, இரண்டு பல்லை உதிர்த்துவிட்டுத்தான் யார் எவர் என்று விசாரித்தார்.

அப்பேர்ப்பட்டவரை நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண் குப்புறத் தள்ளியது. இடது கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்து, மண்டை பிளக்கிற வலியில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டவரை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குள் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் எகிறிவிட்டது என்றார் டாக்டர். மருந்தால் அதை இறக்கி, பிறகு லேசரால் உள்ளே ஊசிமுனையளவு ஓட்டை போட்டார்.

"இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அழுத்தம் மறுபடி ஏறலாம். இந்தத் தடவை வலிக்காமலே ஏறும். சொட்டு மருந்த விடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து அளந்துக்குங்க."

வலிக்காமல் ஒன்று நாசமாகும் என்பதை அவர் எங்கே நம்பினார்? அவர் உடைத்தது எதுவும் சத்தமில்லாமல் உடைந்ததில்லை. ஒரு புட்டி தீர்ந்ததும் மருந்துக்கு முழுக்குப் போட்டார்.

போன வருஷம் இடது கண்ணில் புகை மூட்டியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு வாசல் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குச் செத்துத் தொலையலாம் என்று நினைத்தார் மனுஷன்.

மனைவியின் தம்பி உளியைப் பிடிக்க, இவர் அடிக்க, பதினோரு வருஷமாக அப்படித்தான் வேலை. அன்றைக்குத் தூணை உடைக்கும்போது மச்சினன் தலையைத் தூக்கினான்.

"மாமா, அடி ஓரமா விழுது. கொஞ்சம் நிறுத்துங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? ஒழுங்கா புடிடா!"

கோபத்தோடு இறங்கிய அடி உளியைத் தொடவே இல்லை. எலும்பு நொறுங்கியது. மச்சினன் உளி பிடித்திருந்த தன் கையை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான். பிறகுதான் அலறினான்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு மூன்று விரல் போய்விட்டது என்று நர்ஸ் சொல்லி வாயை மூடவில்லை, மனைவி இடப்பக்கமாக வந்து பளாரென்று அறைந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கை ஓங்கியதில்லை. அறை விழும்வரை அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. விழுந்த பிறகு திடுக்கிட்டு, அடித்தது யாரென்று கழுத்தைத் திருப்பித் தேடினார். அவளைக் கண்டதும் தலையைத் திருப்பி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவள் தன் கையை மெல்ல அவர் இடது கண்ணோரம் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா."

"தெரிஞ்சேதான் அவன் கைக்கு மேல ஓங்கினீங்களா?"

இரண்டாவது அறையும் அதே பக்கம் விழுந்தது. அதுவும் வந்தது அவருக்குத் தெரியவில்லை.