கருநீலத் தெரு

தையல்காரர் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு மழைத்தண்ணீரில் குனிந்து, விளக்குக் கம்பத்தில் அளவு நாடாவை வைத்து அழுத்துகிறார். ஒரு கையில் நாடா, மறு கையில் கைப்பேசி, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே குடை. படம் மங்கலாக விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். முன்பெல்லாம் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து, "என்ன மாஸ்டர், தண்ணிக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று குரல் வரும். "அளவு மட்டும்தான் நம்ம வேலை. துணி நகராட்சி குடுக்கும்" என்பார். இப்போது யாரும் கேட்பதில்லை. அவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

சாப்பிடும்போதுகூடக் கழுத்து நாடாவைக் கழற்றாத மனிதர். தொந்தி போட்டவர்கள் வந்து பழைய அளவிலேயே தைக்கச் சொன்னால் கறாராக மறுத்துவிடுவார். "உடம்புக்குத்தான் அளவு, ஆசைக்கு இல்ல." இந்த ஒரு வாக்கியத்தால் அவர் இழந்த வாடிக்கையாளர்களைக் கொண்டு இன்னொரு தையல்கடை நடத்தலாம்.

இப்படிப்பட்ட ஆளை நகராட்சி விடுமா? ஊரில் எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது என்று எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். தெருவுக்கு ஒரு தொண்டர். மழை பெய்தால் அவர் கைப்பேசிக்குக் கேள்வி வரும்: உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியுள்ளதா? 'ஆம்' என்று அழுத்திப் படம் ஏற்றினால் தெருவுக்கு நீலம் ஏறும், தண்ணீர் இறைக்கும் வண்டி வரும். நீலம் முற்றிய தெருவுக்கே முதலில் வடிகால் என்று சொன்னார்கள். மனிதர் அப்படியே நம்பிவிட்டார்.

மழைக்காலங்கள் வந்து போயின. தெரு கருநீலமானது. வண்டி வந்தது, இறைத்தது, போனது. வடிகால் வரவில்லை, வரைபடத்துக்குப் பரிசு வந்தது. தையல்காரர் நேரில் போய்க் கேட்டார். "உங்க டேட்டா பிரமாதம் சார். வடிகால் வேற டிபார்ட்மெண்ட்" என்று அதிகாரி கைகுலுக்கி அனுப்பினார். அந்தக் கைகுலுக்கலுக்குப் பதில் தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பியிருக்கலாம்.

பக்கத்து வீடு அவருடைய அக்காவுடையது. கணவர் இல்லை. வெளியூரில் இருக்கும் ஒரே மகள் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பெற்ற குழந்தையைத் தூக்க முடியாமல் கிடக்கிறாள். அவள் இருப்பதோ ஒற்றை அறை. இந்த வீட்டை விற்று மகளுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் இடம் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். வாங்க வந்தவர் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், ஜன்னல்களைப் புகழ்ந்தார். வாசலுக்கு வந்ததும் கைப்பேசியில் அந்த வரைபடத்தைத் திறந்தார்.

"அம்மா, இது உங்க வீட்டு கேட்டுதானே?"

அக்கா வாங்கிப் பார்த்தாள். அவள் வீட்டு வாசல் கேட்டுதான். முழங்கால்வரை தண்ணீர். அதில் ஊன்றியிருந்த அளவு நாடாவைப் பிடித்திருந்தவை தம்பியின் விரல்கள்.

அன்று மாலையே கடைக்கு வந்தாள். "அந்தப் படத்த எடுத்துடுடா."

"ஏத்தினத எடுக்க முடியாதுக்கா."

"அப்ப அடுத்த மழைக்காவது தண்ணி இல்லைன்னு போடு."

"பொய்யாயிடுமேக்கா. நம்ம தெருவுக்கு வடிகால் வரணும்ல?"

"வந்து கிழிச்சுது! அவ உன் கையில வளர்ந்த பொண்ணுடா. அங்க குழந்தை அழுதா தூக்க நாதியில்ல. நீ இங்க தண்ணிய அளந்துட்டு இருக்க!"

அதோடு பேச்சு நின்றது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. அவள் தன் ரவிக்கைகளை நான்கு தெரு தள்ளி இன்னொருவரிடம் தைக்கக் கொடுத்தாள். பொருந்தாத தோள்பட்டையோடு அவள் கடையைக் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு அதைப் பிரித்து இறக்கிக் கொடுக்கக் கை பரபரக்கும். தையல் மெஷினை வேகமாக மிதிப்பார்.

இன்று காலை கொட்டித் தீர்த்த மழையில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தம்பி கேட்காமலே உள்ளே போனார். அடுப்படியில் பாத்திரங்கள் மிதந்தன. அக்கா பெட்டியை மேலே ஏற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். இருவருமாக ஏற்றினார்கள். மூச்சு வாங்கியபடி அவள்தான் முதலில் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை வேற ஒருத்தர் பார்க்க வர்றார். பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் இருக்காம்."

அவர் மிதந்த பாத்திரங்களைப் பொறுக்கி மேலே வைத்தார்.

"நீ உன் வேலையப் பாரு. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். குரலில் கோபம்கூட மிச்சமில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கேள்வி வந்திருந்தது. வரைபடம் கடைசி மழையைத்தான் முதலில் காட்டும். 'இல்லை' என்று அழுத்தித் தெரு வெள்ளையாகத் தெரிந்தால் பழைய படங்களை யாரும் கிளற மாட்டார்கள். ஆனால் இறைக்கும் வண்டியும் வராது. தெருவே இந்தத் தண்ணீரில் கிடக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் அந்தக் கைக்குழந்தை ஒருநாள் இதே அடுப்படியில்தான் தவழும்.

தையல்காரர் ஈரக் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி, 'இல்லை' என்பதை அழுத்தினார்.