பழைய வண்டிக்கு எலுமிச்சம்பழம்

எடமலைப்பட்டி புதூர் ஒர்க்‌ஷாப்பில் என் காருக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். முசிறியிலிருந்து திருச்சி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் பிக்கப் வண்டி அவருடையது. ஓட்டுவதும் அவரே. சேலைமேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். சட்டை முழுக்க வாழைக்கறை. காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்காராமல், வேலை முடியும்வரை வண்டியை ஒட்டியே நின்றார்.

ஆயில், ஃபில்டர், பிரேக் எல்லாம் மாற்றி முடித்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிருச்சு. இன்னும் எத்தனை சர்வீஸ்தான் பண்றது? எடைக்குப் போட்டுருங்க” என்றார்.

அம்மாள் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். பானட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டார். ஒவ்வொரு சர்வீசுக்கும் இப்படித்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புது வண்டிக்குத்தானேங்க இதெல்லாம் செய்வாங்க?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“புது வண்டிக்கு கம்பெனிக்காரன் வாரண்டி குடுக்கறான். அதுக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?”

பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார். “எடைக்குப் போடுற பேச்சு இதோட சரி. அடுத்த சர்வீசுக்கும் இங்கதான் வருவேன்.”

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. பழங்களை நசுக்கிக்கொண்டு மதுரை ரோட்டில் ஏறிப் போனது.

சாலையில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால், யாரோ புது வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.