ஸ்கூட்டருக்கு நிழல்

"ஓட்டெடுத்து முடிவு பண்ணியாச்சு, இனிமே பேசக் கூடாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓட்டெடுத்தது சரி, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்பேன். இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாத்ரூம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், நட்டு போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். பேக்கிங் ஷெட்டில் நாங்கள் நூறு பெண்களுக்கு மேல். பாத்ரூம் இருந்தது ஆபீஸ் கட்டிடத்தில். சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு, லாரிகள் நிற்கும் மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டும். டோக்கனைக் கொடுப்பதற்குள் அந்த ஆள் பார்க்கும் பார்வை இருக்கிறதே! அதற்குப் பயந்தே, பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து நான் தண்ணீரைத் தொடுவதில்லை. எல்லோரும் அப்படித்தான்.

எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பெரியபாளையத்துக்காரி. என்னைவிட இளையவள், வாயாடி, அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். "புள்ளத்தாச்சி தண்ணி குடிக்கறதுக்கே பயந்துக்கினு கீறேன். பெரிய பேஜாருக்கா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

கம்பெனியில் ஒர்க்ஸ் கமிட்டி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவும் ஓட்டுப் போட்டு ஓர் ஆளை அனுப்பும். வருடத்துக்கு ஒரு வசதி செய்து தருவார்கள். எது என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். ஷெட்டுக்குள் பாத்ரூம் கேட்பதற்காகவே அவள் தேர்தலில் நின்றாள். காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தியைக்கூட விடவில்லை, புதுவாயலிலிருந்து ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தோம். அத்தனை ஓட்டும் அவளுக்கே விழுந்தது. இந்தக் கம்பெனியில் இப்படி யாருமே ஜெயித்ததில்லை என்று கேன்டீனில் மிட்டாய் கொடுத்துக் குதித்தோம். முட்டாள்கள்! எங்களில் பாதிப் பேர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

கமிட்டியில் ஏழு பிரிவுக்கு ஏழு பேர். மெஷின் ஷாப்புக்கு ஒருவர், எங்களுக்கு ஒருத்தி. கம்பெனியின் முக்கால்வாசி ஜனம் இந்த இரண்டு இடத்தில்தான். மீதி ஐந்து பேர் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், லேப், டிஸ்பாட்ச், டைம் ஆபீஸ். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் மொத்தமே மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரு கை, நூறு பேருக்கும் ஒரு கை! ஐந்து பிரிவுக்கும் நாலடி நடந்தால் பாத்ரூம். அவர்கள் கேட்டது வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூரை. வெயிலில் ஸ்கூட்டர் சீட் சுடுகிறதாம். மெஷின் ஷாப்காரர் எங்கள் பக்கம் கை தூக்கியும், ஐந்துக்கு இரண்டு என்று கூரை ஜெயித்தது.

"நூறு பேரு போட்ட ஓட்டு உள்ள போனா ஒண்ணாயிடுதே, இது இன்னா கணக்குக்கா?" என்றாள் வெளியே வந்ததும். அப்போது அவள் சிரிக்கவில்லை.

என்னையும் இழுத்துக்கொண்டு பர்சனல் ஆபீசரிடம் போனாள். எந்தப் பிரிவில் எத்தனை பேரோ அதற்கு ஏற்ற மாதிரி பிரதிநிதிகள் வேண்டும் என்று கேட்டாள். அவர் கோபப்படவே இல்லை. "ரூல மாத்தணும்னா அதுக்கும் கமிட்டிதாம்மா ஓட்டெடுக்கணும்" என்றார். எடுத்தார்கள். மறுபடி ஐந்துக்கு இரண்டு. எனக்கு அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருந்தது. அநியாயமாக நாற்காலியில் உட்கார்ந்தவனிடமே, எழுந்திருக்கச் சம்மதமா என்று கேட்பதற்குப் பெயர் ஓட்டெடுப்பாம்!

கூரை எழும்பிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. சிறுநீர்ப் பாதையில் கிருமி. நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே, இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் செய்வது? வேலையை விட்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வைத்த பெண், ஸ்கூட்டர்கள் நிழலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.

அடுத்த வருடம் ஓட்டுப்பெட்டி ஷெட்டுக்கு வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, ஓட்டு உங்க உரிமையாச்சே?" என்றார் ஆபீசர்.

"நீ ஒரு நாளு எங்ககூட எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம உக்காரு சார். அப்பால உரிமயப் பத்திப் பேசு" என்றேன்.

பெட்டி காலியாகத் திரும்பிப் போனது. எங்கள் ஆள் இல்லாமலே கமிட்டி கூடியது. இந்த முறை ஐந்துக்கு ஒன்று. ஸ்கூட்டர் நிற்கும் தரைக்கு டைல்ஸ் போட்டார்கள்.